கலசத்தின் மேல் கருடனும் கழுத்தில் கிடந்த லென்ஸும்

அழைத்தவர் வாய் மூடுமுன் சிறகடித்து வந்து நிற்கும் செந்நிறப் புள்ளின் தோளில் வீற்றிருக்கும் பெருமானே, கண்ணாடிக் குழலின் வழியாகவே உலகைப் பார்த்து வயிறு வளர்த்த அடியேனுக்கு, கண்டதைக் கண்டபடி எழுதும் நேர்மையையும், எழுதும்போது சிரிப்பை அடக்கும் வலிமையையும் அருள்வாயாக. முதலாவதைத் தந்து இரண்டாவதை மறுத்தாலும் அடியேனுக்குக் குறையில்லை.

இன்று ஆவணித் திருவோணம். பெருமானுக்கு உகந்த நாள். மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவின் எல்லா வாசல்களிலும் பூக்களம் விரிந்திருக்கிறது. எதிர்வீட்டிலிருந்து அடைப்பாயசத்தின் மணம் அழையாமலே உள்ளே வருகிறது. நல்ல காரியம் தொடங்க இதனினும் நல்ல நாள் வாய்க்காது என்று பேனாவை எடுத்தேன்.

காரியம் இதுதான். நான் ஓய்வு பெறும்வரை பணிபுரிந்த கேமராக் கடையில் இப்போது நிற்கும் பிள்ளைகள், வாடிக்கையாளர் சங்கத்தின் ஆண்டு மலருக்காக, காட்டுயிர்ப் படங்களுக்குக் கேமராவும் டெலி லென்ஸும் தேர்ந்தெடுப்பது குறித்து எழுதித் தருமாறு கேட்டார்கள். இக்காலத்துக் கேமரா பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடித்துக்கொள்கிறதே, பழைய ஆளின் பேச்சு யாருக்கு வேண்டும் என்றேன். கேமராவைத் தேடிப் பிடிப்பது இன்னும் மனிதர்கள்தானே என்றார்கள். மறுமொழி சரியாக இருந்ததால் ஒப்புக்கொண்டேன்.

கடையில் சேர்ந்த புதிதில் லென்ஸின் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்பதே எனக்குத் தெரியாது. தூசு துடைத்தும், மழைக்காலத்தில் ஈரம் அண்டாதபடி லென்ஸுகளை விளக்கு எரியும் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியும் தொடக்க ஆண்டுகள் கழிந்தன. கொச்சியின் ஈரத்துக்கு விலையுயர்ந்த லென்ஸ், மலிவான லென்ஸ் என்ற பேதம் கிடையாது. எதையும் ஊறுகாய் ஜாடியாகக் கருதி அதற்குள் பூசணம் வளர்க்கும். விடியலில் பெருமாளுக்குத் திருமொழி, கடை திறந்ததும் லென்ஸுக்கு விளக்கு என்று என் நாள்கள் இரண்டு கருவறைகளுக்கு இடையே நடந்தன.

மற்ற எல்லாவற்றையும் கற்றது முதலாளி வர்க்கிச் சேட்டனிடம். அவரைப்போல் ஒரு வியாபாரியை நான் கண்டதில்லை. வாங்க வந்தவரை வாங்கவிடாமல் செய்வதில் அவருக்கு அப்படியொரு அக்கறை. எவர் வந்து எந்த லென்ஸைச் சுட்டினாலும் அவர் கேட்பவை மூன்றே கேள்விகள்.

"எந்த ஜீவி? எத்தனை தூரம்? ஆரு சுமக்கும்?"

முதல் இரண்டுக்கும் எல்லோரும் ஆர்வத்தோடு விடை சொல்வார்கள். மூன்றாவதில்தான் பலரும் மனைவியின் முகத்தைப் பார்ப்பார்கள். யானையைப் படமெடுக்க அறுநூறு மில்லிமீட்டர் லென்ஸ் கேட்டு வந்த ஒரு கனவானிடம், "ஆனையோட காது மட்டும் மதியோ சாரே?" என்று, போதுமா என்னும் பொருளில் வினவி, அதில் பாதி நீளமுள்ளதைக் கொடுத்தனுப்பினார். அடர்காட்டின் நிழலில் ஒளிந்திருக்கும் சிறு பறவைக்கு வெளிச்சத்தை அள்ளிக் குடிக்கும் அகன்ற வாயுள்ள லென்ஸ் வேண்டும். நீர்ப்பரப்பில் வெயிலில் நிற்கும் கொக்குக்கு அது தேவையில்லை, நீளம் போதும். பறக்கும் பறவைக்கோ நீளத்தைவிட முக்கியம், கை அதைச் சுழற்றும் வேகம். இந்த மூன்றையும் அவர் வாயால் விளக்கியதே இல்லை. வாடிக்கையாளரின் கையில் லென்ஸைக் கொடுத்துக் கண்ணோடு சேர்த்துப் பிடிக்கச் சொல்வார். பிறகு தமக்கு ஒரு சாயா வரவழைத்து, மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே, ஆற அமர அதைக் குடிப்பார். சாயா முடியுமுன் கை நடுங்கினால் அந்த லென்ஸ் அவருக்கு இல்லை.

சாயாவில் தேறியவருக்கு அடுத்தது கருடப் பரீட்சை. கடையின் பின்கதவைத் திறந்தால் படகுத்துறை. மீன் படகுகள் வந்து கூடையிறக்கும் நேரத்தில் பருந்துகள் வட்டமிடும். அவற்றுள் பெரும்பாலானவை கரும்பருந்துகள், அவற்றைச் சக்கிப்பருந்து என்பது இவ்வூர் வழக்கு. அவற்றுக்கு வால் பிளந்திருக்கும். இடையிடையே வெண்தலையும் செந்நிறச் சிறகுமாக, வால்நுனி வட்டமாக வளைந்த செம்பருந்து வரும். அதுவே கருடன். அதன் கண் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்துக் காட்டினால்தான் முதலாளி ரசீது எழுதுவார். வாடிக்கையாளரோடு துறைக்குப் போய் உடன் நிற்பது என் வேலை.

அந்த வேலைக்கு என்னைவிடத் தகுதியற்ற ஒருவர் கொச்சியில் இருந்திருக்க முடியாது. கருடனைக் கண்டால் கைகூப்பிக் கண்மூடிக் கன்னத்தில் போட்டுக்கொள்வது எங்கள் குடும்பத்தில் பால்குடியோடு வரும் பழக்கம். அது மனத்தைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. கண் கண்டதும் கை போய்விடும். ஆலுவாவிலிருந்து வந்த ஒரு பல் மருத்துவர், பாரம் தாங்காமல், லென்ஸின் முனையை ஒரு கையால் தாங்கிக்கொள்ளும்படி என்னைக் கேட்டுக்கொண்டார். கருடன் வந்தது. என் கை போனது. லென்ஸ் தாழ்ந்து, கேமராவின் பின்புறம் எழும்பி அவர் மூக்கில் மோதியது. அன்றுமுதல், சாமி உடனிருக்கும்போது எந்த லென்ஸும் வார் இல்லாமல் வெளியே போகக்கூடாது என்பது கடையின் சட்டம். சாமி என்பது என்னைத்தான். இத்தனை ஆண்டுகள் கருடப் பரீட்சைக்கு உடன் நின்றும், கருடன் படமெடுக்கப்படுவதை நான் ஒருமுறையும் கண்திறந்து பார்த்ததில்லை.

இனி, நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன் வந்த வழக்கு.

எங்கள் தெருவின் தமிழர் சமூகத்துக்கு ஒரு சிறு பெருமாள் கோயில் உண்டு. அதற்குக் கும்பாபிஷேகம் நிச்சயமாயிற்று. கலசத்தில் நீர் சொரியும் வேளையில் கருடன் வந்து விமானத்தை வட்டமிடும் என்பது யாவரும் அறிந்தது. சென்ற கும்பாபிஷேகத்திலும் வந்தது, அதற்கு முந்தியதிலும் வந்தது. ஆனால் ஒரு படம்கூட இல்லை. வந்த கணத்தில் ஊரார் கைகள் எல்லாம் கூப்பியிருந்தால் கேமராவை யார் பிடிப்பது?

கோயில் தலைவர் ரங்கநாதன் அப்பளத் தொழிற்சாலை நடத்துபவர். நீண்ட காலமாகத் தலைவர். அந்த நாற்காலியில் அவரைத் தவிர எவரையும் எங்களால் கற்பனை செய்ய இயலாது, அவராலும் இயலாது. அவருடைய மனைவியின் தம்பி முரளி, காக்கநாட்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவன், கோயில் வாசலைப் பல காலமாக மிதியாதவன். ஒரு ஞாயிறு விருந்தில் அவன் பப்படத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னானாம்.

"அத்தான், அது கருடன் ஒண்ணும் இல்ல. மீன் சந்தைக்கு வர்ற சக்கிப்பருந்து. நீங்க எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டுக் கும்பிடுறதால அது தப்பிச்சுப் போயிட்டிருக்கு."

வாக்குவாதம் பந்தயத்தில் முடிந்தது. படம் எடுப்பது. அதில் வால் பிளந்திருந்தால் ரங்கநாதன் தலைவர் பதவியை விட்டு இறங்கிவிட வேண்டும். தலை வெண்மையாக இருந்தால் முரளி சனிக்கிழமைதோறும் கோயிலுக்கு வந்து பாராயணம் முடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அடுத்த நாள் காலையிலேயே ரங்கநாதன் கடைக்கு வந்துவிட்டார். கண்ணாடிப் பெட்டியிலிருந்த மிகப் பெரிய வெள்ளை லென்ஸைக் காட்டினார்.

முதலாளி மூன்று கேள்விகளையும் கேட்டார். ஜீவி கருடன், தூரம் விமானத்தின் உச்சி, சுமப்பது நானே என்றார் ரங்கநாதன். அப்படியானால் தலைக்கு நேர் மேலே பிடித்துக் காட்டுங்கள் என்றார் முதலாளி. சாயா வந்தது. ரங்கநாதனின் தொந்தி முன்னே நிற்க, லென்ஸ் மேலே போக, அவருடைய நடுப்பகுதி எந்தப் பக்கம் போவது என்று தீர்மானிக்க முடியாமல் தவித்தது. முதலாளி மூன்றாவது மிடறு குடிப்பதற்குள் அவர் லென்ஸோடு மெதுவாகப் பின்னோக்கிச் சாய்ந்து, நான் நல்வேளையாக நகர்த்தி வைத்த அட்டைப்பெட்டியின் மேல் அமர்ந்தார். லென்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெட்டி போயிற்று.

பிறகு முதலாளி தேர்ந்தெடுத்ததை இங்கே முழுமையாக எழுதுகிறேன், மலருக்குப் பயன்படும். பறவை தலைக்கு மேல் வட்டமிடப் போகிறது. மிக நீண்ட லென்ஸில் வானத்தின் ஒரு துண்டு மட்டுமே தெரியும். அந்தத் துண்டுக்குள் கருடனைத் தேடிப் பிடிப்பதற்குள் கும்பாபிஷேகமே முடிந்துவிடும். ஆகவே நூறிலிருந்து நானூறு மில்லிமீட்டர் வரை விரிந்து சுருங்கும் ஜூம் லென்ஸ். நூறில் விரித்துத் தேடி, நானூறில் சுருக்கிப் பிடிப்பது. கேமரா, சிறிய சென்சார் உள்ளது, அதில் பறவை இன்னும் பெரிதாக நிறையும். கண்ணாடி மடங்கும் பழைய வகை வேண்டாம், மந்திரத்துக்கு நடுவே டக் டக் என்னும். ஓசையின்றிப் படமெடுக்கும் புதுவகைதான் பொருத்தம். எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. பின்னால் பளீரென்ற வானம் இருந்தால் கேமரா மயங்கி, எந்தப் பறவையையும் கரிக்கட்டையாக்கிவிடும். கருடனும் சக்கியும் அங்கே ஒரே நிறம். ஆகவே கேமராவிலுள்ள சிறு சக்கரத்தைத் திருப்பி வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும். இதை முதலாளி சொன்னபோது ரங்கநாதனின் முகம் வெளுத்தது. தம் நாற்காலி இத்தகைய ஒரு சக்கரத்தில் தொங்குவதை அவர் எதிர்பார்க்கவில்லை.

எடுப்பது யார்? விரதமிருந்த கை வேண்டும் என்று ரங்கநாதன் என்னைச் சுட்டினார். முதலாளி நெடுநேரம் என்னையே பார்த்துவிட்டுச் சொன்னார்.

"சாமி கை கூப்பும், ரங்கநாதா. எனக்கு நிச்சயம்."

மனத்தால் வணங்கிக்கொள்கிறேன், கையை அசைக்கமாட்டேன் என்று நான் உறுதி கூறினேன். அந்த வாரம் முழுவதும் துறையில் பயிற்சி செய்தேன். கருடன் வந்த போதெல்லாம் கை போயிற்று. ஒருமுறை மட்டும் போகவில்லை. எடுத்துப் பார்த்தால் அது சக்கி. கை என்னைவிட நன்றாகப் பறவைகளை அறிந்திருந்தது.

கும்பாபிஷேகத்தன்று காலையில், கோயிலுக்கு எதிரேயுள்ள அப்பளக் கிடங்கின் மொட்டைமாடியில் நானும் முதலாளியும் நின்றோம். துணைக்கு வந்ததாக அவர் சொன்னார், என்மேல் நம்பிக்கையில்லாமல் வந்தார் என்பதே உண்மை. மாடியில் பாய் விரித்து அப்பளம் காயவைத்திருந்தார்கள். கீழே சன்னதித் தெரு நிறையக் கூட்டம். ரங்கநாதன் பட்டாச்சாரியாருக்குப் பின்னே விமானத்தின் சாரத்தில் நின்று, கலசத்தைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். முரளி கூட்டத்தின் விளிம்பில், கோயில் எல்லைக்கு வெளியே, ஒரு ஸ்கூட்டரின்மேல் சாய்ந்திருந்தான்.

நாதசுரம் உச்சத்துக்கு ஏறியது. குடம் சரிந்தது. கீழிருந்து "கோவிந்தா" என்ற ஒலி எழுந்தது. நான் லென்ஸை உயர்த்தினேன். நூறில் விரித்துத் தேடினேன். நீல வானத்தின் மூலையிலிருந்து ஒரு சிறகு வந்தது. அதன்மேல் வெயில் விழுந்தது. செம்மை.

அதற்குமேல் நான் ஒன்றும் பார்க்கவில்லை. கண் மூடியிருந்தது. கைகள் கூப்பி, கன்னத்துக்குப் போய், மீண்டும் கூப்பின. கேமரா என் மார்பில் தொங்கியது.

"என்டெ மாதாவே" என்றொரு முனகல் கேட்டது. அடுத்த கணம் என் கழுத்து முன்னோக்கி இழுக்கப்பட்டது. முதலாளி கேமராவைப் பற்றியிருந்தார். வாரைக் கழற்ற நேரமில்லை. அவர் தம் கண்ணில் கேமராவை வைத்துக் கருடனைத் தொடர்ந்தார். கருடன் விமானத்தை வலம் வந்தது. வாரின் மறுமுனையில் நான் முதலாளியை வலம் வந்தேன். கூப்பிய கையைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை, கண்ணைத் திறக்கவும் துணிவில்லை. காலடியில் அப்பளங்கள் நொறுங்கும் ஓசை மட்டும், நாதசுரத்துக்குத் தாளம்போல, இடைவிடாமல் கேட்டது. ஓசையற்ற கேமரா ஆதலால் படம் விழுகிறதா என்று தெரியவில்லை. கழுத்து நெரிவது மட்டும் தெரிந்தது. கருடன் ஒரு வலம் வந்ததா மூன்று வந்ததா என்று இன்றும் ஊரில் சர்ச்சை உண்டு. மூன்று. என் கழுத்து சாட்சி.

மாலையில் கடையின் கணினித் திரையில் படத்தைத் திறந்தோம். ரங்கநாதன், அவர் மனைவி பத்மாவதி அம்மாள், முரளி மூவரும் வந்திருந்தார்கள். பொற்கலசத்துக்கு நேர் மேலே, சிறகு விரித்து, தூய வெண்தலையோடு, வால் அழகாக வளைந்த கருடன். கண்ணில் ஒளித்துளிகூடத் தெரிந்தது. ரங்கநாதன் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். அவர் சாய்ந்த விதத்தில், அது கோயில் நாற்காலியாகவே தோன்றியது.

முரளி திரையருகே குனிந்தான்.

"அத்தான், சம்மதிச்சேன். கருடன்தான். அது கால்ல என்ன?"

முதலாளி படத்தைப் பெரிதாக்கினார். கருடனின் உகிர்களில் ஒரு மத்தி மீன். செதில் செதிலாக, துடுப்பு துடுப்பாக, வாய் திறந்தபடி. நானூறு மில்லிமீட்டரின் முழுத் தெளிவும் அந்த மீனின்மேல் பொழிந்திருந்தது. வெங்காயமும் பூண்டும் நுழையாத எங்கள் கோயிலின் புனிதக் கலசத்துக்கு நேர் மேலே அது தொங்கிக்கொண்டிருந்தது.

மீனை மட்டும் அழித்துத் தரமுடியுமா என்று ரங்கநாதன் மெல்லக் கேட்டார். மீனை அழித்தால் கருடனையும் வரைந்து சேர்த்ததாகத்தான் ஊர் சொல்லும், லென்ஸ் கண்டதில் தாம் கைவைப்பதில்லை என்றார் முதலாளி. பத்மாவதி அம்மாள், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். மீண்டும் அணியவில்லை. அணியாமலே திரையைப் பார்த்தார்.

"கருடன் காலில பாம்புதானே இருக்கும்? இது பாம்பு. சின்னதாப் போட்டு உசரத்தில மாட்டுங்கோ."

"அக்கா, பாம்புக்குத் துடுப்பு இருக்காக்கா?"

"நீ சனிக்கிழமை வந்து உட்காரு. அப்புறம் துடுப்பை எண்ணலாம்."

அவ்வாறே முடிவாயிற்று. எதையும் மாற்றாமல், எதையும் மறைக்காமல், சிறு அளவில் அச்சிட்டு, மண்டபத்தின் உள்வாசலுக்கு மேல் கூரையோரத்தில் மாட்டினார்கள். வாழ்நாளெல்லாம் தொலைவை அருகாக்கும் பொருளை விற்ற எனக்கு, தொலைவும் ஒரு கருணை என்பது அன்றுதான் விளங்கியது.

முரளி வாக்குத் தவறவில்லை. சனிக்கிழமைதோறும் வந்தான். பாராயணத்தில் மூழ்கியவர் நடுவே, அண்ணாந்து படத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். கைப்பேசியில் படமெடுத்துக் குடும்பக் குழுவில் போட்டு உண்மையை நிலைநாட்டப் பார்த்தான். கைப்பேசியில் அது பாம்பாகவே விழுந்தது. பணித்தவரைத் தவிர வேறெவருக்கும் படத்தின் பிரதி தரமாட்டேன் என்றார் முதலாளி. ஆகவே சில மாதங்கள் கழித்து அவனே கடைக்கு வந்து, டெலி லென்ஸ் வேண்டும் என்றான்.

"எந்த ஜீவி?" என்றார் முதலாளி.

"மத்தி."

"எத்தனை தூரம்?"

"மண்டபத்துத் தூண்ல இருந்து வாசல் மேல வரைக்கும்."

"ஆரு சுமக்கும்?"

"நானே, சேட்டா."

சாயா வந்தது. முதலாளி வேண்டுமென்றே அதை ஆறவிட்டுக் குடித்தார். முரளியின் கை நடுங்கவே இல்லை. அடுத்தது கருடப் பரீட்சை. மாட்டியிருக்கும் படத்தை எடுக்க அது எதற்கு என்று அவன் வாதாடிப் பார்த்தான். கடைச் சட்டம் என்றார் முதலாளி. வாரைக் கழுத்தில் மாட்டி, அவனை நான் துறைக்கு அழைத்துச் சென்றேன்.

படகொன்று கூடையிறக்கிக்கொண்டிருந்தது. முரளி லென்ஸை உயர்த்தித் தயாராக நின்றான். மேற்கிலிருந்து கருடன் வந்தது, தாழ்வாக, மாலை வெயில் முழுவதும் அதன் தலைமேல். இதைவிட எளிய பரீட்சை எவருக்கும் அமைந்ததில்லை. நான் வழக்கம்போல் கண்மூடிக் கைகூப்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

கண் திறந்தபோது கருடன் தொலைவில் போயிருந்தது. லென்ஸ் முரளியின் மார்பில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் தன் இரு கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றான்.

எடுத்தாயிற்றா என்று கேட்டேன்.

"இல்ல மாமா." அவன் லென்ஸின் மூடியை எடுத்து மாட்டினான். "கை போயிடுச்சு."

பின்கதவில் நின்று பார்த்துக்கொண்டிருந்த முதலாளி, தோற்றவருக்கு லென்ஸ் கிடையாது என்று தீர்ப்புக் கூறி, விளக்கு எரியும் பெட்டிக்குள் அதைத் திரும்ப வைத்தார். மறுமுறை பரீட்சை எழுத வரலாம் என்றும் சொன்னார். முரளி இன்றும் இடையிடையே எழுத வருகிறான், இன்றும் தோற்கிறான். மண்டபத்தில் மத்தி இன்னும் பாம்பாகவே இருக்கிறது.

லென்ஸ் தேர்ந்தெடுக்க விரும்பும் அன்பர்களே, எந்த ஜீவி, எத்தனை தூரம், யார் சுமப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாரை மட்டும் எப்போதும் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். இதைப் படித்த உங்கள் அனைவருக்கும் கண் மங்காதிருக்கட்டும், லென்ஸில் பூசணம் அண்டாதிருக்கட்டும், சுமக்கும் தோளுக்கு வலிமை பெருகட்டும். காத்திருக்கும் வேளையில் உங்கள் வானத்திலும் அந்தச் செந்நிறச் சிறகு வரட்டும். அந்தக் கணத்தில் படம் விழுந்தாலும் நன்று, கை போனாலும் நன்று. மங்களம் உண்டாகுக.